கோப்பின் பெயரை அதன் முகவரி ஆக்காதீர்கள்

“தமிழ்நாடு: வரவு/செலவு – பணம் எங்கே போகிறது?” என்று ஒரு கட்டுரைக்குத் தலைப்பு வைப்பதில் தவறே இல்லை. அச்சில் எடுப்பாகவும் இருக்கும். அந்தக் கட்டுரையைச் சேமிக்கும் மென்பொருள், தலைப்பையே எடுத்துக் கோப்புக்குப் பெயராகச் சூட்டும்போதுதான் வினை தொடங்குகிறது. முக்காற்புள்ளி, சாய்கோடு, கேள்விக்குறி மூன்றுமே விண்டோஸ் தன் கோப்புப் பெயர்களில் விலக்கி வைத்திருக்கும் ஒன்பது குறிகளில் அடங்கும். லினக்ஸில் சாய்கோடு என்பது ஃபோல்டரையும் அதனுள் இருப்பதையும் பிரிக்கும் குறி. ஆகவே தலைப்பு இரண்டாக உடைந்து, ‘வரவு’ வரை ஃபோல்டர், ‘செலவு’ முதல் கோப்பு என்று கணினி புரிந்துகொள்ளும். இணைய முகவரியில் கேள்விக்குறி வந்தாலோ, கோப்புக்கான பாதை அத்தோடு முடிந்துவிட்டது என்று பொருள். பத்திரிகைத் தலைப்புகளுக்கு மட்டும் உள்ள தொல்லை அல்ல இது. வங்கிக்கு அனுப்பும் அடையாளச் சான்று, மருத்துவமனை ஸ்கேன், கல்லூரி விண்ணப்பத்தோடு இணைக்கும் மதிப்பெண் பட்டியல், திருமணத் தகவல் தளத்தில் ஏற்றும் ஜாதகம் என மக்கள் தமக்குத் தோன்றிய பெயரிட்டு அனுப்பும் கோப்புகள் நாள்தோறும் ஏதோ ஒரு கிளவுட் கிடங்கில் போய்ச் சேர்கின்றன. அந்தப் பெயர்களை என்ன செய்வது என்று கேட்டால், நிரலாளர்கள் வழக்கமாகத் தரும் விடை ‘சுத்தம் செய்து வைத்துக்கொள்ளலாம்’ என்பது. ஆகாத குறிகளை நீக்கு, இடைவெளி வந்தால் சிறுகோடு போடு, நீண்டால் வெட்டு. இந்த விடை அடிப்படையிலேயே கோணல் என்பதே என் வாதம். மனிதர் வைத்த பெயர் ஒரு தகவல். அதை முகவரியாக்கக் கூடாது. முகவரியைக் கணினி தானே உருவாக்கிக்கொள்ளட்டும். பெயரை ஓர் எழுத்தும் குறையாமல் தனியே பதிந்து வைத்துக்கொள்ளட்டும்.

கோப்புப் பெயருக்கான கட்டுப்பாடுகளை யாரும் ஒரே இடத்தில் உட்கார்ந்து யோசித்து வகுக்கவில்லை. ஒவ்வொரு காலத்தின் நெருக்கடியும் ஒவ்வொரு விதியை விட்டுச் சென்றிருக்கிறது. டாஸ் காலத்தில் பெயருக்கு 8 எழுத்து, பின்னொட்டுக்கு 3 எழுத்து, அவ்வளவுதான். விண்டோஸ் 95 வந்தபோதுதான் அது 255 வரை நீண்டது. ஆனால் டாஸ் தன் கருவிகளுக்கு ஒதுக்கிய பெயர்கள் இன்றும் ஒதுக்கியபடியே நிற்கின்றன: திரைக்கும் விசைப்பலகைக்கும் ‘கான்’, அச்சுப்பொறிக்கு ‘பிஆர்என்’, எதைக் கொடுத்தாலும் விழுங்கிவிடும் ‘நல்’. ‘கான்’ என்ற பெயரில் ஃபோல்டர் திறக்க முடியாததை ஓர் இந்தியர்தான் கண்டுபிடித்தார், பில் கேட்ஸாலேயே காரணம் சொல்ல முடியவில்லை என்று ஒரு மின்னஞ்சல் நம் நாட்டில் பல ஆண்டுகள் சுற்றியது. காரணம் மைக்ரோசாஃப்டின் கையேட்டிலேயே இருக்கிறது. யூனிக்ஸ் மரபு இதற்கு நேர்மாறு: சாய்கோடும் மதிப்பற்ற ‘நல்’ பைட்டும் தவிர எதை வேண்டுமானாலும் பெயரில் வைக்கலாம், வரிமுறிவைக்கூட. கிளவுட் சேமிப்பு இந்த இரண்டாம் மரபின் வாரிசு. 2006 மார்ச்சில் வந்த அமேசானின் எஸ்3, ஒரு கோப்பின் பெயருக்கு 1,024 பைட் வரை இடம் தருகிறது. கூகுளின் கிளவுட் சேமிப்பிலும் அதே அளவுதான். எஸ்3-இன் வழக்கமான கிடங்கில் உண்மையில் ஃபோல்டர்களே கிடையாது. பெயருக்குள் சாய்கோடு இருந்தால் திரையில் ஃபோல்டர் போலக் காட்டுகிறார்கள், அவ்வளவே. இந்தக் கிடங்குகளுக்கு இன்னொரு குணமும் உண்டு: அதே பெயரில் இன்னொரு கோப்பை ஏற்றினால், ‘பழையதை அழிக்கட்டுமா?’ என்று பொதுவாகக் கேட்பதில்லை. பழையது போய்விடும். பழைய பதிப்புகளைக் காக்கும் வசதியை முன்பே இயக்கி வைத்தவர் மட்டும் தப்பலாம். ஆக, இரண்டு கோப்புகள் தவறிப்போய் ஒரே பெயரைப் பெறுவது இங்கே வெறும் அசௌகரியம் அல்ல. யாரோ ஒருவருடைய ஆவணம் சத்தமில்லாமல் காணாமல் போவது.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு ‘சுத்தம் செய்தல்’ என்ன செய்கிறது என்று பார்க்கலாம். முதல் வழி, கெட்ட குறிகளுக்கு ஒரு பட்டியல் போட்டு அவற்றை நீக்குவது. இந்தப் பட்டியல் என்றைக்கும் முடியாது. ஒன்பது குறிகளை நீக்கினால், பெயரின் கடைசியில் வரும் இடைவெளியையும் புள்ளியையும் விண்டோஸ் ஏற்காது என்பது பிறகு தெரியவரும். அடுத்து ‘../’ என்ற மூன்று குறிகள். ‘ஒரு படி மேலே போ’ என்று கணினிக்குப் பொருள்படும் இவற்றைப் பெயருக்குள் நுழைத்து, தனக்கு உரிமையில்லாத இடத்தில் கோப்பை எழுதவைக்கும் தந்திரம் பழையது. பழையது என்பதற்காக ஒழிந்துபோகவில்லை: 2018இல் ‘ஜிப் ஸ்லிப்’ என்ற பெயரில் ஸ்னிக் நிறுவனம் வெளியிட்ட ஆய்வு, சுருக்கக் கோப்புகளைப் பிரிக்கும் ஏராளமான மென்பொருள்களில் இதே ஓட்டை இருப்பதைக் காட்டியது. பிறகு கண்ணுக்கே தெரியாத குறிகள். அரபு, எபிரேய எழுத்துகளுக்காக யூனிகோடில் உள்ள ஒரு திசைமாற்றுக் குறியை நடுவில் வைத்தால், இயங்கக்கூடிய நச்சு நிரல் ஒன்று திரையில் அப்பாவிப் புகைப்படம் போலத் தெரியும். பெரிய எழுத்து, சிறிய எழுத்துச் சிக்கல் வேறு. 2014 டிசம்பரில், நிரலாளர்கள் அன்றாடம் கையாளும் கிட் மென்பொருளில் ஓர் ஓட்டை தெரியவந்தது. அது தனக்கென ஒதுக்கிய ஃபோல்டரின் பெயரைச் சிறிய எழுத்தில் மட்டுமே சோதித்தது. விண்டோஸும் மேக்கும் பெரிய எழுத்தில் எழுதியதையும் அதே ஃபோல்டராகவே எடுத்துக்கொண்டன. கோப்புகளைக் கையாளுவதையே தொழிலாகக் கொண்ட மென்பொருளுக்கே இந்தப் பட்டியல் பிடிபடவில்லை.

ஆகவே விவரம் தெரிந்தவர்கள் தலைகீழாக வருவார்கள்: கெட்டதை நீக்காதே, நல்லதை மட்டும் அனுமதி. ஆங்கில எழுத்துகள், 0 முதல் 9 வரை, புள்ளி, சிறுகோடு, அடிக்கோடு. போசிக்ஸ் தரநிலை எங்கும் செல்லுபடியாகும் குறிகள் என்று சொல்வதும் இவற்றைத்தான். பாதுகாப்புக்கு இது நல்ல வழி. ஆங்கிலம் எழுதாதவருக்கு இது அழிவு. பைத்தான் மொழியில் இணையதளம் கட்டுவோர் பெரிதும் நம்பும் ஜாங்கோவில், தலைப்பை முகவரிக்கேற்ற துண்டாக மாற்றிக் கொடுக்க ஒரு செயற்கூறு உண்டு. அதன் இயல்பான அமைப்பில் தமிழ்த் தலைப்பைக் கொடுத்தால் கிடைப்பது வெற்றுச் சரம். எல்லாத் தமிழ்த் தலைப்புகளுக்கும் அதே வெற்றுச் சரம்தான். ‘மற்ற மொழிகளையும் அனுமதி’ என்ற விசையைத் திருப்பினால் சரியாகிவிடும் என்றுதான் நினைப்போம். அங்கேதான் உண்மையான கேடு ஒளிந்திருக்கிறது. யூனிகோடு தன் குறிகளை எழுத்து, எண், ஒட்டுக்குறி என்று வகை பிரிக்கிறது. தமிழில் க, ட, வ போன்றவை எழுத்துகள்; கால், கொம்பு, சுழி, மெய்யின் தலைமேல் வைக்கும் புள்ளி எல்லாம் ஒட்டுக்குறிகள். எழுத்தையும் எண்ணையும் மட்டும் விட்டுவைக்கும் வடிகட்டி இந்த ஒட்டுக்குறிகளை உதிர்த்துவிடும். ‘கோவை’ என்பது ‘கவ’ ஆகும், ‘தமிழ்’ என்பது ‘தமழ’ ஆகும். இவையாவது பார்த்தவுடன் பிழை என்று தெரியும். காடு, கூடு, கேடு, கோடு, கொடி என்ற ஐந்து சொற்களை அந்த வடிகட்டியில் ஊற்றிப் பாருங்கள்: ஐந்துமே ‘கட’ என்று வெளிவரும். ஐந்து பேர் ஏற்றிய ஐந்து கோப்புகளில் கடைசியாக வந்தது மட்டும் மிஞ்சும். நிரலை எழுதியவர் சோதித்தபோது ஆங்கிலத் தலைப்புகளெல்லாம் ஒழுங்காகப் போயிருக்கும். பிரெஞ்சுத் தலைப்புகூடப் போயிருக்கும், ஏனென்றால் அந்த மொழியின் மேற்குறியிட்ட எழுத்துகள் யூனிகோடில் முழு எழுத்துகளாகவே பதிவாகியிருக்கின்றன. நம் உயிர்மெய்க்கு அந்த வாய்ப்பு இல்லை. இந்திக்கும் சிங்களத்துக்கும் இதே கதிதான்.

ஒட்டுக்குறிகளையும் சேர்த்து அனுமதித்துவிட்டால்? அப்போதும் முடிவதில்லை. ‘கோ’ என்பதை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ககரத்தோடு ஓகாரக் குறி ஒன்றை வைக்கலாம், அல்லது ககரத்தோடு ஏகாரக் கொம்பையும் காலையும் தனித்தனியே வைக்கலாம். இரண்டும் ஒன்றே என்று யூனிகோடு தெளிவாகச் சொல்கிறது. ஆனால் கிடங்கு பார்ப்பது பைட்டுகளை. அதற்கு இரண்டும் வேறு வேறு. திரையில் அச்சு மாறாமல் ஒரே மாதிரி தெரியும் இரண்டு ‘கோவை’க் கோப்புகள் இருக்கும், ஒன்றைத் தேடினால் மற்றொன்று கிடைக்காது. ஆப்பிளின் பழைய கோப்பமைப்பு பெயர்களைப் பிரித்தே சேமித்தது என்பதால், மேக்கிலிருந்து ஏறிய கோப்புக்கும் விண்டோஸிலிருந்து ஏறிய கோப்புக்கும் நடுவே இந்த வேறுபாடு தானாகவே முளைத்தது. நீளம் இன்னொரு தொல்லை. யூடிஎஃப்-8 முறையில் ஓர் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று. லினக்ஸ் கணினிகளில் வழக்கமான 255 பைட் எல்லைக்குள் அதிகபட்சம் 85 தமிழ்க் குறிகள்தான் அடங்கும். அதையே இணைய முகவரியில் எழுதும்போது ஒவ்வொரு பைட்டும் % குறியோடு சேர்ந்து மூன்று எழுத்தாகிவிடுவதால், கண்ணுக்கு ஐந்தெழுத்தாகத் தெரியும் ‘தமிழ்நாடு’ 81 எழுத்தாகப் பெருத்து நிற்கும். வேர்ட்பிரஸ் தளங்களில் பதிவின் முகவரித் துண்டுக்கு 200 எழுத்துதான் வரம்பு. தமிழுக்கு அது 22 குறி. நீண்ட தலைப்புகள் பாதிச் சொல்லில் அறுந்து தொங்குவதைப் பல தமிழ்த் தளங்களில் பார்க்கலாம்.

எல்லாவற்றையும் ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்த்துவிட்டால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. பாதுகாப்பான குறிகள் கிடைக்கும், ஓரளவு படிக்கவும் முடியும். ஆனால் நாம் அன்றாடம் எழுதும் ஒலிபெயர்ப்பில் பல்லியும் பள்ளியும் ஒன்று, மனமும் மணமும் ஒன்று, அரமும் அறமும் ஒன்று. வேறுபாடு காட்டும் அறிஞர் முறைகளில் எழுத்தின் மேலும் கீழும் கோடும் புள்ளியும் வரும்; அவற்றை நீக்கினால் மறுபடி அதே மோதல், நீக்காவிட்டால் மறுபடி அதே யூனிகோடுச் சிக்கல். மேலும் ஒரே ஊரின் பெயரை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக ஆங்கிலத்தில் எழுதும் நாட்டில், ஒலிபெயர்த்த பெயரை நம்பித் தேடுவது வீண் வேலை.

நிலத்துக்கு நாம் செய்துவைத்திருக்கும் ஏற்பாட்டை இங்கே நினைத்துப் பார்க்கலாம். வயலுக்கு ஊரில் வழங்கும் பெயர் தலைமுறைக்குத் தலைமுறை மாறலாம், ஒரே பெயரில் இரண்டு வயல் இருக்கலாம். பட்டாவில் எழுதுவது புல எண்ணை. அதனால் யாரும் ஊர்ப்பெயரைச் சொல்வதை நிறுத்திவிடவில்லை. கோப்புக்கும் இந்தப் பிரிவினைதான் தேவை. தமிழ் மின்னூலுலகம் இதை வெகுகாலம் முன்பே செய்து காட்டியிருக்கிறது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் தன் நூல்களுக்கு வரிசை எண் கொடுத்தது. திருக்குறள் அதன் முதல் எண். டிஸ்கி குறிமுறையில் வந்த நூல்கள் பின்னர் யூனிகோடுக்கு மாறின. கோப்புகளின் பெயர் அன்றைய தமிழ்க் குறிமுறையில் இருந்திருந்தால் அந்த மாற்றத்தில் ஒவ்வொரு பெயரும் குப்பையாகியிருக்கும். எண்ணாக இருந்ததால் ஒன்றும் ஆகவில்லை. ஈழத்து ஆவணங்களைத் திரட்டும் நூலகம் தளத்திலும் ஒவ்வொரு ஆவணத்துக்கும் ஒரு நூலக எண் உண்டு. நூலின் பெயர், ஆசிரியர் பெயர் எல்லாம் அந்தப் பக்கத்தில் நல்ல தமிழில் இருக்கும், கோப்பு எண்ணைக் கொண்டே நிற்கும்.

எல்லோரும் படிக்க வைத்திருக்கும் நூல்களுக்கு வரிசை எண் போதும். தனிமனித ஆவணங்களுக்கு அது ஆபத்து. அமெரிக்காவில் வீட்டுமனை விற்பனைக்கான உரிமைக் காப்பீடு வழங்கும் ஃபர்ஸ்ட் அமெரிக்கன் நிறுவனத்தின் தளத்தில், ஆவணத்தின் முகவரியில் இருந்த எண்ணை ஒன்று கூட்டியோ குறைத்தோ போட்டாலே அடுத்தவரின் ஆவணம் திறந்தது. 2019 மே மாதம் பத்திரிகையாளர் பிரையன் கிரெப்ஸ் இதை வெளியிட்டபோது அவ்வாறு திறந்து கிடந்தவை சுமார் 88 கோடியே 50 லட்சம் பதிவுகள். எனவே கிளவுட் கிடங்கில் கோப்புக்கு வைக்கும் முகவரி தற்செயலாகப் பிறக்கும் நீண்ட எண்ணாக இருக்க வேண்டும். யூயூஐடி எனப்படும் அடையாள எண்ணின் நான்காம் வகையில் 122 பிட்டுகள் முழுக்கத் தற்செயலானவை. இரண்டு கோப்புகளுக்கு ஒரே எண் விழும் வாய்ப்பை நடைமுறையில் மறந்துவிடலாம். ஆனால் ஊகிக்க முடியாத முகவரி பூட்டு ஆகாது. முகவரி தெரிந்தவருக்கெல்லாம் கோப்பைத் திறந்து காட்டும் தளம், எண்ணை எவ்வளவு நீளமாக்கினாலும் பாதுகாப்பற்ற தளம்தான். தற்செயல் எண்ணால் இன்னொரு நன்மையும் உண்டு. எஸ்3 கோப்பின் உள்ளடக்கத்தை மறையாக்கம் செய்கிறது; பெயரையும் அதோடு ஒட்டிய குறிப்புகளையும் அவ்வாறு செய்வதில்லை. நோயாளியின் பெயரையும் நோயின் பெயரையும் சேர்த்துக் கோப்புக்குச் சூட்டியிருந்தால், உள்ளே பூட்டிய செய்தி வெளியே அறிவிப்புப் பலகையில் தொங்கும். சர்வர் பதிவேடுகளிலும் அதே பெயர் வரிவரியாக ஏறிக்கொண்டிருக்கும்.

இதற்கு வரும் எதிர்வாதங்களில் வலுவானது ஒன்று: பெயர்களைப் பதிந்து வைத்திருக்கும் தரவுத்தளம் அழிந்துபோனால்? கிடங்கில் லட்சம் எண்கள் மட்டும் இருக்கும், எது யாருடையது என்று தெரியாது. அச்சம் நியாயமானது. அதற்கு மருந்து பெயரை முகவரியாக்குவது அல்ல, பெயரை இரண்டு இடத்தில் எழுதி வைப்பது. எஸ்3-இல் ஒவ்வொரு கோப்போடும் 2 கிலோபைட் அளவுக்குக் குறிப்பு ஒட்டலாம். போதாவிட்டால் பக்கத்திலேயே சிறு விவரக் கோப்பு ஒன்றை வைக்கலாம். அதோடு, பெயரைப் பார்த்தே எல்லாம் விளங்கிவிடும் என்பதும் மிகை. ‘ஸ்கேன் 1’, ‘புதியது’, ‘கடைசி’, ‘உண்மையான கடைசி’ என்பவைதான் மக்கள் வைக்கும் பெயர்கள். ஆனாலும் ஓர் இடத்தில் விட்டுக்கொடுக்கிறேன்: நிரலாளர் யாரும் இல்லாத சிறிய சங்கமோ ஊர் நூலகமோ, தன் சேகரிப்பை ஹார்ட் டிஸ்க்கில் போட்டு அடுத்த தலைமுறைக்குக் கைமாற்றுவதானால், ஆண்டும் வரிசை எண்ணும் சேர்ந்த, கண்ணால் படிக்கக்கூடிய பெயரே நல்லது. அங்கே ஃபோல்டர்தான் தரவுத்தளம்.

முகவரியைப் பார்த்ததும் உள்ளே என்ன இருக்கிறதென்று வாசகருக்குத் தெரிய வேண்டாமா, கூகுள் தேடலுக்கு உதவாதா என்பது அடுத்த கேள்வி. தெரியட்டும், கெடுதல் இல்லை. நிரலாளர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவின் முகவரிகளில் ஒரு எண்ணும், அதன்பின் கேள்வியின் தலைப்பும் இருக்கும். எண்தான் பக்கத்தைத் திறக்கிறது. தலைப்பைத் தப்பாக எழுதினாலும் சரியான பக்கத்துக்கே போகலாம். தலைப்பு அங்கே அலங்காரம், பாரம் சுமப்பது எண். தலைப்பையே முகவரியாகக் கொண்ட விக்கிப்பீடியாவை எதிர்ச்சான்றாகக் காட்டலாம். அதற்காக அவர்கள் செலுத்தும் விலையையும் பார்க்க வேண்டும்: தலைப்பு 255 பைட்டைத் தாண்டக் கூடாது, சதுர அடைப்பும் நெளிவு அடைப்பும் ஆகாது, ஒரே பெயருள்ளவற்றைப் பிரித்துக் காட்டத் தனிப் பக்கங்கள், பெயர் மாறினால் பழைய பெயரிலிருந்து வழிமாற்று, இவற்றையெல்லாம் இரவும் பகலும் கவனிக்கும் தன்னார்வலர்கள். அத்தனைக்கும் அடியில் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஓர் எண் இருக்கிறது. கட்டுரையின் தலைப்பு மாறினாலும் அந்த எண் மாறுவதில்லை.

உள்ளடக்கத்திலிருந்தே முகவரியைக் கணக்கிடலாமே என்பது நிபுணர்கள் எழுப்பும் கேள்வி. ஷா-256 போன்ற கணக்கு, எந்தக் கோப்பையும் 64 இலக்கக் கைரேகையாக மாற்றித் தரும். ஒரே கோப்பை நூறு பேர் ஏற்றினாலும் ஒரு படி வைத்தால் போதும். மாறாத ஆவணங்களுக்கு இது அருமையான ஏற்பாடு. ஒரு காற்புள்ளியைத் திருத்தினாலும் கைரேகை மாறிவிடும் என்பதால், அடிக்கடி திருத்தப்படும் கோப்புகளுக்கு ஆகாது. தலைப்பைக் கைரேகையாக்குவது மட்டும் எதற்கும் பயனில்லை; ‘முன்னுரை’ என்று நூறு நூல்களில் தலைப்பு உண்டு.

கிளவுட் கிடங்குகளே எந்த எழுத்தையும் ஏற்கும்போது ஏன் இவ்வளவு தலைவலி என்று கேட்டால், கோப்பு கிடங்கிலேயே தங்குவதில்லை என்பதே பதில். அது விண்டோஸ் கணினியில் இறங்கும், சுருக்கப்படும், மின்னஞ்சலில் போகும், வேறொரு கிடங்குக்கு நகலெடுக்கப்படும். வழியில் உள்ள எல்லா வாசல்களிலும் கிடங்கின் வாசலே அகலமானது. ஆகவே சுத்தம் செய்யும் வேலை அடியோடு ஒழிவதில்லை, இடம் மாறுகிறது. ஏற்றும்போது செய்யாமல் இறக்கும்போது செய்ய வேண்டும். கோப்பை அனுப்பும் சர்வர், அதை எந்தப் பெயரில் சேமிக்கலாம் என்று உலாவிக்குச் சொல்ல ஒரு தலைப்புவரி உண்டு; 2011இல் வந்த இணையத் தரநிலைப்படி அதில் யூடிஎஃப்-8 தமிழையே எழுதலாம். அந்த இடத்தில் ஒன்பது குறிகளுக்குப் பதில் சிறுகோடு போடுங்கள், உயிர்மெய் உடையாத இடம் பார்த்து வெட்டுங்கள். அங்கே தவறினால் ஒருவருக்கு ஒரு பெயர் கொஞ்சம் கோணலாக இறங்கும். மூலப் பெயர் தரவுத்தளத்தில் பத்திரமாக இருக்கும். நாளை நிரலைத் திருத்திக்கொள்ளலாம். ஏற்றும்போதே கழுவி மூலத்தைத் தொலைத்தவருக்குத் திருத்த எதுவும் மிஞ்சாது.

செய்முறை அதிகம் இல்லை. 128 பிட் தற்செயல் எண்ணை எடுத்து, சிறிய ஆங்கில எழுத்திலும் எண்ணிலும் மட்டும் எழுதுங்கள். பெரியதும் சிறியதும் கலந்தால் விண்டோஸும் மேக்கும் குழம்பும். டக்ளஸ் கிராக்ஃபோர்டு வகுத்த 32 குறி முறையில் அது 26 எழுத்தில் அடங்கும். ஒன்றோடும் பூஜ்யத்தோடும் குழப்பம் தரும் ஆங்கில எழுத்துகளை அவர் விட்டுவிட்டதால், தொலைபேசியில் வாசித்துக் காட்டவும் சுலபம். பின்னொட்டை மக்கள் எழுதியபடி நம்பாமல், கோப்பைத் திறந்து வகையறிந்து நீங்களே வையுங்கள். மூலப் பெயரை இருந்தபடியே ஒரு படியும், யூனிகோடின் சேர்ந்த வடிவத்துக்கு மாற்றித் தேடலுக்கென இன்னொரு படியும் வையுங்கள். பெயரைத் திருத்தினால் தரவுத்தளத்தில் ஒரு வரி மாறும், கோப்பு அசையாது. எஸ்3-இன் வழக்கமான கிடங்கில் பெயர்மாற்றம் என்பதே நகலெடுத்துப் பழையதை அழிப்பதுதான் என்பதால், அதில் மிச்சமாகும் நேரமும் பணமும் சிறிதல்ல.

நிரல் எழுதாதவர்களும், பத்திரிகைக்கோ பள்ளிக்கோ சங்கத்துக்கோ தளம் செய்து வாங்குபவர்களும் இதைச் சோதிக்கலாம். பணம் கொடுத்துப் பெற்றுக்கொள்ளும் முன் காடு, கூடு, கோடு, கொடி என்று நான்கு கோப்புகளுக்குப் பெயரிட்டு ஏற்றிப் பாருங்கள். நான்கும் உள்ளடக்கம் மாறாமல், கொம்பும் காலும் உதிராமல் அதே பெயரோடு திரும்ப இறங்கினால் ஒப்புக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் தளத்தைத் திருப்பி அனுப்புங்கள்.